அண்ணியின் கறுப்புத் திரை

ஜூன் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ ஈமெயிலில் அனுப்பிய கடிதம் எதற்கும் பதில் போடாமல் இருந்துவிட்டு, காரியம் ஆக வேண்டும் என்றதும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் முதல் பத்தியிலேயே திட்டி முடித்துவிடு. பிறகு விஷயத்துக்கு வந்துவிடலாம்.

உன் அண்ணனும் நானும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்த பிறகு, உன்னிடம் என்ன உரிமையில் பேசுவது என்று தெரியவில்லை. அதுதான் காரணம். உன்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும், நீயே சொல்.

வேலைக்குப் போகிறேன். ஒரு மருந்துக் கிடங்கு. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் மருந்து போகிறது. அவர்கள் கேட்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உள்ளே அனுப்புவது என் வேலை. கம்ப்யூட்டர் புதுசு, அதில் ஓடுவதுதான் ஆதி காலத்துச் சமாசாரம். கறுப்பாக ஒரு ஜன்னல், அதில் பச்சை எழுத்து. மவுஸை அங்கே யாரும் மதிப்பதே இல்லை. டெர்மினல் என்று அதற்குப் பெயராம்.

அந்த ஜன்னல் என்னிடம் மட்டும் முரண்டு பிடிக்கிறது. நன்றாக அடித்துக்கொண்டே போவேன், திடீரென்று அப்படியே உறைந்துவிடும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது. கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்து, "தொங்கிப்போச்சும்மா" என்று சொல்லி, ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறப்பார். பாதி ஏற்றிய ஆர்டர் போயே போச்சு. மேலாளர் ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உங்ககிட்ட மட்டுந்தாம்மா இப்படி ஆகுது. இது மருந்து விஷயம். லேட்டானா அங்க படுத்திருக்கறவங்கதான் கஷ்டப்படுவாங்க." அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

ஆகஸ்ட் முடியும்வரை என்னைச் சோதனையில் வைத்திருக்கிறார்கள். தேறினால் நிரந்தரம். இந்த வீட்டுக்காரரும் அந்த நிரந்தரக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தம் போடுவேன் என்கிறார். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ரெண்டு அறை. ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது. ஆனாலும் நான் என் இஷ்டத்துக்கு எழுந்து, என் இஷ்டத்துக்குப் படுக்கிற வீடு.

தேறாவிட்டால் என் அண்ணன் வீடுதான். சமையலறைக்குப் பக்கத்து அறையை ஒழித்துக் கட்டில் வாங்கிப் போட்டு வைத்திருக்கிறார். மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நான் வந்துதான் பிரிக்க வேண்டுமாம். ரொம்ப நல்லவர். கெட்டவர்களிடமிருந்து கோர்ட்டுக்குப் போய் வெளியே வந்துவிடலாம். நல்லவர்களிடம் மாட்டினால் எங்கே போய் மனுப் போடுவது? அங்கே ஒரு தடவை போய்ப் படுத்துவிட்டால் ஆயுசுக்கும் நான் அந்த வீட்டுக் காய் நறுக்குகிறவள்தான்.

நீ வெளிநாட்டில் இருந்தாலும், இந்த விவகாரமெல்லாம் தெரிந்தவள் எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. போட்டோ எடுத்து அனுப்பலாம் என்றால் எங்கள் ஃபோனையெல்லாம் வாசலில் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். மருந்து திருட்டுப் போகாமல் இருக்கவாம். அதனால் பார்த்ததை வீட்டுக்கு வந்து எழுதத்தான் முடியும்.

அன்புடன்,
அண்ணி
(பழக்கத்தில் எழுதிவிட்டேன். வேண்டாம் என்றால் அடித்துவிடு.)


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

அடிக்க மாட்டேன். கோர்ட் என்னைக் கேட்டா தீர்ப்பு எழுதியது?

திட்டச் சொன்னீர்கள். திட்டத்தான் உட்கார்ந்தேன், கடிதத்தை ரெண்டாம் தடவை படித்ததும் அழுகை வந்துவிட்டது, அதனால் திட்டு பாக்கி இருக்கிறது. நேரில் தருகிறேன்.

இப்போது விஷயம். உங்கள் மேஜைமேல் இருப்பது வெறும் ஜன்னல். வேலை செய்கிற ஆசாமி அங்கே இல்லை. கிடங்கில் எங்கேயோ ஒரு ஏசி அறையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும், அதற்குள் இருக்கிறார். நீங்கள் தட்டுவதை ஜன்னல் அவரிடம் போய்ச் சொல்லும். அவர் சொல்வதை வாங்கி வந்து உங்களுக்குக் காட்டும். தரகர் வேலை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இதற்கென்றே திரையும் விசைகளுமாக ஒரு பெட்டி இருந்தது. அதுதான் நிஜமான டெர்மினல். இப்போது உங்களிடம் இருப்பது அந்தப் பெட்டி மாதிரி வேஷம் கட்டி நடிக்கிற ஒரு நிரல், அதாவது புரோகிராம். ரொம்ப நல்ல நடிகன். பழைய பெட்டியின் கெட்ட குணத்தைக்கூட விடாமல் நடிப்பான்.

ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். கோளாறு ஜன்னலுக்கா, உள்ளே இருக்கிற ஆளுக்கா? நான் இங்கே பிழைப்பு நடத்துவதே இந்தக் கேள்வியை வைத்துத்தான். பெரிய பெரிய கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பேர், ஒன்றின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் இதே கறுப்பு ஜன்னல் வழியாகத்தான்.

உறைந்த பிறகு என்னென்ன நடக்கிறது என்று எழுதுங்கள். முக்கியமாக, உறைவதற்குச் சற்று முன்னால் உங்கள் கை என்ன செய்தது? "நான் ஒன்றும் செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். உலகத்தில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

அந்த மெத்தை பிளாஸ்டிக்கோடவே இருக்கட்டும்.

உங்கள்
வாயாடி


ஜூன் 15

அன்புள்ள வாயாடிக்கு,

நான் ஒன்றும் செய்யவில்லை.

கோபித்துக்கொள்ளாதே, சத்தியமாக அதுதான் உண்மை. ஒரு வரி அடிக்கிறேன், அடுத்த வரிக்குப் போகிறேன், உறைகிறது. சில நாள் காலையிலேயே, சில நாள் மத்தியானம். பக்கத்து நாற்காலி அம்மாவை என் இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஜம்மென்று ஓடியது. நான் போய் உட்கார்ந்தேன், நாலு வரியில் நின்றது. கம்ப்யூட்டர்காரர் பாவம், கீபோர்டை மாற்றினார், ஒயரை மாற்றினார், கடைசியில் என் நாற்காலியையே மாற்றினார். "என்னன்னே புரியலம்மா, உங்க கை பட்டாலே அதுக்கு ஆக மாட்டேங்குது" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே திகைத்துப்போய்த்தான் சொன்னார். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. என் கை ராசி கல்யாணத்தில் சரியில்லை என்று ஊரே சொல்லியாகிவிட்டது. கம்ப்யூட்டருமா சொல்ல வேண்டும்?

இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு சின்ன கிளினிக் ஒரு பெட்டி பஞ்சு கேட்டிருந்தது. ஏற்றிக்கொண்டிருக்கும்போதே உறைந்துவிட்டது. எண்டர் தட்டினால் மேலே உள்ள வரியே இன்னொரு தரம் ஏறும், அந்த நிரல் அப்படி. ஆனால் திரைதான் அசையவில்லையே, எங்கே ஏறப்போகிறது என்று, இருந்த ஆத்திரத்துக்கெல்லாம் எண்டரைப் போட்டுக் குத்தினேன். அனுப்பும் விசையையும் ஓங்கி ஒரு தட்டு. பிறகு நானே ஜன்னலை மூடிவிட்டேன். மறுநாள் கிளினிக்கிலிருந்து ஃபோன். "ஏங்க, எங்ககிட்ட இருக்கறதே நாலு கட்டில். வண்டி நிறைய பஞ்சு வந்து நிக்குது. நாங்க என்ன மெத்தை தைக்கவா?"

மேலாளர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. இன்னொன்று நடந்தால் ஆகஸ்ட் வரைகூடக் காத்திருக்க மாட்டாராம்.

அன்றைக்கு என் அண்ணனும் ஃபோன் செய்தார். மெத்தைக்குத் தலையணை வாங்கியிருக்கிறாராம்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 16

அண்ணி! அண்ணி! அண்ணி!

பஞ்சு! அந்தப் பஞ்சுக்கு நான் கோயிலே கட்டுவேன்.

யோசித்துப் பாருங்கள். திரை உறைந்திருந்தது. ஆனால் நீங்கள் குத்திய குத்தெல்லாம் உள்ளே போயிருக்கிறது. வண்டி கிளம்பியிருக்கிறது. ஆக, உள்ளே இருக்கிற ஆள் தூங்கவில்லை, காது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாய்தான் பேசவில்லை. யாரோ அவரைப் பார்த்து "வாயை மூடு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

யார் சொன்னது தெரியுமா? நீங்கள்தான்.

வக்கீல் ஆபீஸில் பத்திரம் அடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நினைத்தபோதெல்லாம் கரண்ட் போகும், அடித்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் சேமிப்பீர்கள். சுண்டுவிரல் கண்ட்ரோல் மேல், மோதிரவிரல் எஸ் மேல், டக்கென்று ஒரு தட்டு. என் காலேஜ் புராஜெக்ட்டை நீங்கள் அடித்துக் கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே தட்டுவீர்கள், கொட்டாவி விட்டுக்கொண்டே தட்டுவீர்கள். உங்களுக்கே தெரியாது. அதனால்தான் "ஒன்றும் செய்யவில்லை" என்று சத்தியம் செய்கிறீர்கள்.

மற்ற இடத்தில் கண்ட்ரோல் எஸ் என்றால் சேமி. கறுப்பு ஜன்னலில் அதற்கு "நிறுத்து, காட்டாதே" என்று பொருள். பழைய பெட்டிகளில் எழுத்து மளமளவென்று மேலே ஓடிவிடும், படிப்பதற்காக நிறுத்தி வைக்க வேண்டும், அதற்காக வைத்தது. மறுபடி ஓட விட கண்ட்ரோல் கியூ. பக்கத்து நாற்காலி அம்மா சேமிப்பதே இல்லை, அவருக்கு உறைவதும் இல்லை. அவ்வளவுதான் உங்கள் கை ராசி!

நாளைக்கு உறைந்ததும் யாரையும் கூப்பிடாதீர்கள், எண்டரைக் குத்தாதீர்கள். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கியூ. உடனே எழுதுங்கள், நான் இங்கே நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள்
வாயாடி


ஜூன் 18

என் தங்கமே,

ஓடியது!

காலையில் ரெண்டாவது ஆர்டரிலேயே உறைந்தது. என் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் இன்னும் கண்ட்ரோல்மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்தேன். பக்கத்து நாற்காலி அம்மா, "ஐயோ மறுபடியுமா, நான் போயி அவர கூட்டிட்டு வரேன்" என்று எழுந்துவிட்டார். "இருங்கம்மா" என்றேன். கியூவைத் தட்டினேன். அடைத்து வைத்த தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி பச்சை எழுத்தெல்லாம் கொட்டியது பார், நான் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்துவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன பண்ணீங்க, என்ன பண்ணீங்க" என்கிறார். இன்னும் ரெண்டு தரம் உறைய வைத்து, ஓட வைத்துக் காட்டினேன். சின்னக் குழந்தை விளக்கை அணைத்து அணைத்துப் போடுமே, அப்படி.

கம்ப்யூட்டர்காரர் சாயங்காலம் வந்தார். சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "தெரிஞ்ச விஷயந்தாம்மா இது. யாராவது இதுல சேவ் பண்ணுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நாற்காலிய வேற மாத்தினேன்!" நல்ல மனுஷன். பழைய நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டார்.

ஆனால் விரல் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. எஸ் தட்டுவதும், உடனே பதறிப்போய் கியூ தட்டுவதுமாக நாள் ஓடுகிறது. மேலாளரிடமும் சொன்னேன். "சரிம்மா, சந்தோஷம். பார்ப்போம்" என்றார். பஞ்சு வண்டி அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆகஸ்டில் கிடங்கு முழுக்க இருப்பு எண்ணுவார்களாம். அதை நான் ஏற்றுகிற லட்சணத்தைப் பார்த்துத்தான் முடிவாம். தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்து வீட்டுக்கு வந்தேன். கீழே கடிகாரக் கடைக்காரர், "என்னம்மா, ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டே விட்டார்.

நிறைய அன்புடன்,
அண்ணி


ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை என் மேலதிகாரிக்குப் படித்துக் காட்டினேன். மொழி புரியாவிட்டாலும் நான் குதித்துக் காட்டியது புரிந்தது.

விரலோடு சண்டை போடாதீர்கள், வேறு வழி இருக்கிறது. நீங்கள் உள்ளே நுழையும்போது படிக்கப்படுகிற ஒரு கோப்பு இருக்கும். அதில் ஒரே ஒரு வரி போட்டால், "எஸ் தட்டினால் நிறுத்து" என்கிற பழைய சட்டமே உங்களுக்கு மட்டும் இல்லாமல் போய்விடும். அந்த வரியைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டர்காரரிடம் கொடுங்கள். பிறகு ஆசை தீர சேமித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் சேமிக்கப்படாது, ஒன்றும் உறையாது.

இன்னொரு விஷயம். மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாது என்பதால் நானே சொல்கிறேன். அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறார். செப்டம்பரில். அம்மா ஃபோனில் சொன்னாள். சொல்லிவிட்டு, "இனிமே நீ அவளுக்கு எழுதறதெல்லாம் வேணாம். புதுசா வர்ற பொண்ணு என்ன நெனைக்கும்?" என்றாள். "என்ன வேணா நெனைச்சுக்கட்டும், நான் எழுதுவேன்" என்றேன். அம்மா ஃபோனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு வர வேண்டியிருக்கும். எனக்குப் போகவே மனசில்லை. ஆனாலும் அண்ணன் அண்ணன்தானே. உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன், மன்னியுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூலை 4

வணக்கம்.

நீ எழுதிய வரியைக் கம்ப்யூட்டர்காரர் போட்டுக் கொடுத்தார். இப்போது உறைவதே இல்லை. மிக்க நன்றி.

உன் அம்மா சொன்னது நியாயம்தான். வரப்போகிற பெண்ணின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். எனக்காக நீ அவர்களோடு மனஸ்தாபப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் விஷயம் இனி நானே பார்த்துக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நலம் விரும்பும்


ஜூலை 20

அண்ணி,

"நலம் விரும்பும்" என்று கடை விளம்பரத்தில்தான் போடுவார்கள்.

ஆயிற்று, ரெண்டு கடிதம் போட்டுவிட்டேன், பதில் இல்லை. பரவாயில்லை. திரை அசையாவிட்டாலும் உள்ளே இருக்கிற ஆளுக்குக் காது கேட்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதிக்கொண்டேதான் இருப்பேன். யாரோ கண்ட்ரோல் எஸ் தட்டிவிட்டார்கள். நான் இங்கிருந்து கியூ தட்டுகிறேன். கியூ. கியூ. கியூ.

ஒரு பதில் வரட்டும். "போடி" என்று ஒரு வார்த்தையாவது வரட்டும்.

உங்கள்
வாயாடி


ஆகஸ்ட் 30

போடி!

போதுமா? இப்போது உட்கார்ந்து நிதானமாகப் படி. நிறையச் சொல்ல வேண்டும்.

நேற்று இருப்பு எண்ணினார்கள். உள்ளே ஆட்கள் அலமாரி அலமாரியாக எண்ணி ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல நான் ஏற்ற வேண்டும். காலையில் தொடங்கினால் கடைசி அலமாரி வரை ஜன்னலை மூடக் கூடாது. நடுவில் மூடினால் மொத்தமும் முதலிலிருந்து. அதிலும் தடுப்பூசிகள் இருக்கும் குளிர் அறையைத் திரும்பத் திரும்பத் திறந்தால் மருந்தே கெட்டுவிடும். கம்ப்யூட்டர்காரர் அன்றைக்கு வேறு ஊரில். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பரீட்சை ஹாலில் பின்னாலிருந்து பேப்பரை எட்டிப் பார்க்கிற வாத்தியாரை நினைத்துக்கொள்.

மத்தியானத்துக்குள் குளிர் அறை முடிந்தது. மீதி இருந்தது வெளி அலமாரிகள்தான். ஒரு புது கம்பெனி மருந்தின் பெயர் திரையில் வந்தது. வந்ததும், அடியே, திரை முழுக்கப் பேய் பிடித்துவிட்டது. ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை. கோடும் கட்டமும் மூலையுமாக, கம்பிக் கதவு மாதிரி. பக்கத்து நாற்காலி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளருக்கு வியர்த்துவிட்டது. "போச்சு, எல்லாம் போச்சு. மூடிட்டு மறுபடி தொறந்து பாப்போம்" என்று குனிந்து மவுஸைப் பிடித்துவிட்டார். அம்பு மூலையில் இருக்கும் பெருக்கல் குறிக்குப் போய்விட்டது.

"கைய எடுங்க சார்!"

கத்தியது நான்தான். ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அண்ணனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒரு நாள் நான் அப்படிக் கத்தியதில்லை. கத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, நன்றாகத்தான் இருந்தது. மேலாளர் கையை எடுத்தேவிட்டார்.

உன் முதல் கேள்வியைத்தான் எனக்கு நானே கேட்டேன். கோளாறு ஜன்னலுக்கா, உள்ளே இருக்கிற ஆளுக்கா? "அம்மா, உங்க ஜன்னல்ல கடைசியா ஏறின மருந்து என்னன்னு பாருங்க" என்றேன். பக்கத்து நாற்காலி அம்மா பார்த்துச் சொன்னார். நான் கடைசியாக ஏற்றியது அப்படியே இருந்தது. ஆக, ஆசாமி நலம். ஜன்னலுக்குத்தான் கிறுக்கு. "சார், கணக்கு பத்திரமா இருக்கு. எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா, பண்ணுங்க" என்று பின்னால் தள்ளி நின்றார்.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஜன்னலின் கிறுக்கை ஜன்னலிடம்தானே தீர்க்க வேண்டும் என்று அதன் இடது மேல் மூலையில் சொடுக்கினேன். ஒரு பட்டியல் இறங்கியது. ஒவ்வொன்றாகப் படித்தேன். ரீசெட் டெர்மினல் என்று ஒன்று. டெர்மினல் என்பது ஜன்னல்தானே, ஆள் இல்லையே. அதனால் தைரியமாகத் தட்டினேன். திரை மொத்தமும் வெறுங்கறுப்பாகிவிட்டது! ஒரு புள்ளி பச்சை இல்லை. அப்புறம்தான் தோன்றியது, அவர் ஏதாவது பேசினால்தானே ஜன்னல் காட்டும்? நாம் ஒன்றுமே கேட்கவில்லையே. அடுத்த பக்கம் தட்டினேன். முந்தின பக்கம் தட்டினேன். வந்துவிட்டது! வரி வரியாக, எழுத்து எழுத்தாக, குளிர் அறையும் தடுப்பூசியும் நான் விட்ட இடமும், அப்படியே!

ஹாலில் கை தட்டினார்கள். எனக்குக் கை தட்டினார்கள். ஒலிபெருக்கியில் அலமாரி எண்ணுகிற ஆள், "என்ன ஆச்சு, சொல்லலாமா வேணாமா?" என்று கேட்டார். "சொல்லுங்க, சொல்லிட்டே இருங்க!" என்றேன். கடைசி அலமாரி வரை நிற்கவில்லை. அந்தப் புது மருந்தின் பெயரில் ஏதோ வேண்டாத குறி ஒன்று கலந்திருந்ததாம், ஜன்னல் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டதாம். கம்ப்யூட்டர்காரர் இன்றைக்கு வந்து அதைச் சுத்தம் செய்தார். என்னிடம், "ஜன்னல மூடாம விட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு" என்றார்.

மேலாளர் இன்று காலையில் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். நிரந்தரக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "ஒரே ஒரு ரெக்வெஸ்ட். அடுத்த தடவை கத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க, பயந்துட்டேன்" என்றார்.

நேராக வீட்டுக்காரரிடம் போனேன், ஒப்பந்தம் ஆயிற்று. பிறகு என் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "அண்ணா, அந்தக் கட்டில்ல நீங்களே படுத்துக்கோங்க, அண்ணியோட குறட்டையிலேருந்து தப்பிச்ச மாதிரி இருக்கும்" என்றேன். அவர், "மெத்தைய மட்டுமாவது உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்றார். அனுப்பச் சொன்னேன், உடனே வண்டியில் ஏற்றிவிட்டார். இன்று சாயங்காலம் என் வீட்டில், என் கையால், அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். அவர் நல்லவர்தான் என்று இப்போது எனக்கு நிம்மதியாகச் சொல்ல முடிகிறது.

இனி நம் விஷயம். ஜூலையில் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெட்கம். உன் அண்ணன் கல்யாணம் செய்துகொள்கிறார், நானோ இன்னொருவர் வீட்டுச் சமையலறையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன், இந்த லட்சணத்தில் உன் பரிதாபமும் வேண்டுமா என்று இருந்தது. நீ அடுத்தடுத்து அனுப்பிய கடிதம் ஒவ்வொன்றையும் மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். இப்போது எழுதுகிறேன் என்றால், எனக்கு எதுவும் வேண்டாம் என்கிற நிலையில் இருந்து எழுதுகிறேன். நீ மட்டும் வேண்டும்.

கல்யாணத்துக்கு வா. சந்தோஷமாக வா. புதிதாக வருகிற பெண்ணை வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடு, அது அவளுக்குச் சேர வேண்டியது. நான் உனக்கு அண்ணியாக இருக்க நடுவில் உன் அண்ணன் நிற்க வேண்டும். இனி நமக்கு நடுவில் யாரும் நிற்க வேண்டாம். என்னை அக்கா என்று கூப்பிடு. கல்யாணத்துக்கு வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும். ஒரு ஜன்னல் சாத்தாது, அது ஒன்றுதான் குறை.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. இன்னொரு தரம் எழுதுகிறேன். அக்கா.

"கைய எடுங்க சார்" என்பதை என் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆபீஸில் எல்லோரும் என்ன என்று கேட்கிறார்கள். எங்கள் வேலையின் முதல் விதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் வயிற்றெரிச்சல். அந்த ரீசெட்டை நான் சொல்லித் தந்திருந்தால் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன். என்னைக் கேட்காமலே செய்துவிட்டீர்கள். இப்போதும் பீற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

பெட்டி கட்டியாகிவிட்டது. பதினொன்றாம் தேதி காலையில் வருகிறேன். பாக்கி வைத்த திட்டையும் கூடவே கொண்டுவருகிறேன்.

நேற்று அம்மாவிடம் ஃபோனில் பேசினேன். "விமானத்துலேருந்து எறங்கி நேரா வீட்டுக்குத்தானே வர்ற?" என்றாள்.

"இல்லம்மா. அக்கா வீட்டுல தங்கறேன். அங்கேருந்தே கல்யாணத்துக்கு வந்துடுவேன்."

"உனக்கு ஏதுடி அக்கா?"

"இருக்காங்கம்மா. மருந்துக் கிடங்குல வேலை. நிரந்தர வேலை."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை ஃபோனை வைக்கவில்லை. "சாப்பாடெல்லாம் ஒழுங்கா போடுவாளா?" என்று கேட்டாள்.

உங்கள் தங்கை,
வாயாடி